சுருக்கிப் பேசும் ஆங்கிலம்

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். படிப்பில் மட்டமானவள் அல்லள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், படித்ததைப் பொருள் சொல்லவும் தெரிந்தவள். அங்கிருந்த அதிகாரி அவளைப் பார்த்து, "வேர்ஸ் யுவர் சர்ட்டிபிகேட்?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மறுபடியும் அதையே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகு, உடன் வந்த பெண் எடுத்துச் சொன்னபோதுதான், "உன் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"சான்றிதழ் என் கையிலேதான் சார் இருந்தது" என்று நம்மிடம் வந்து சொன்னாள்.

'வேர்' என்ற சொல் அவளுக்குத் தெரியும். 'இஸ்' என்ற சொல்லும் தெரியும். 'வேர் இஸ்' என்று கரும்பலகையில் எழுதி, பலமுறை சொல்லவைத்தவர்களே நாம்தாம். ஆனால் அந்த இரண்டும் பேச்சில் ஒன்றாய் ஒட்டி 'வேர்ஸ்' என்று ஒலிக்கும் என்பதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. குறை அவளுடையது அன்று; நம்முடையது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இன்றைய பேச்சு.

ஆங்கிலத்தில் சில சின்னச் சொற்கள் பேச்சில் தனித்து நிற்பதில்லை. பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பாதி தேய்ந்து ஒலிக்கின்றன. 'ஐ ஆம்' என்பது 'ஐம்' ஆகிறது. 'ஹீ இஸ்' என்பது 'ஹீஸ்' ஆகிறது. 'டூ நாட்' என்பது 'டோன்ட்' ஆகிறது. எழுதும்போது, விடுபட்ட எழுத்து இருந்த இடத்தில் மேலே ஒரு சிறு காற்புள்ளி போன்ற குறியை இடுவார்கள். அதற்கு அபாஸ்ட்ரஃபி என்று பெயர். "இங்கே ஓர் எழுத்து இருந்தது, இப்போது இல்லை" என்பதற்கு அது அடையாளம். இப்படிச் சுருங்கிய சொற்களைச் சுருக்கச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"இதென்ன புதுத் தொல்லை? ஒரு சொல்லை முழுதாய்ப் படிப்பதே பிள்ளைகளுக்குப் பாடாக இருக்கிறதே!" என்று தாய்மார்கள் நினைக்கலாம். இது புதுத் தொல்லை அன்று. நம் வீட்டில் நாள்தோறும் நடக்கிற காரியம்தான்.

காலையில் பிள்ளையை எழுப்பும் தாய், "நேரம் ஆகிவிட்டது, பள்ளிக்கூடம் போக வேண்டும்" என்றா சொல்கிறாள்? "நேரமாயிட்டுது, பள்ளிக்கூடம் போகணும்" என்கிறாள். பிள்ளை, "எழுந்திருக்க முடியவில்லை" என்று சொல்வதில்லை, "முடியலம்மா" என்கிறது. 'கொண்டு வா' என்பது 'கொண்டா' ஆகிவிட்டது. 'இருக்கிறது' என்பது 'இருக்கு' ஆகிவிட்டது. இதை நமக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. காதால் கேட்டோம், வாயால் சொன்னோம்.

நம் இலக்கண ஆசிரியர்களும் இதை அறிந்தவர்களே. தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும், கோயம்புத்தூர் கோவை ஆனதையும், பொழுது என்பது போது ஆனதையும் 'மரூஉ' என்று பெயரிட்டு, மொழியின் இயல்பான வழக்கில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டார்கள். சொல் தேய்வதைப் பிழை என்று தள்ளிவிடவில்லை.

மலாய் மொழியைப் பாருங்கள். பள்ளியில் 'தீடாக்' என்று எழுதுகிறோம். கடையில் 'தாக்' என்கிறோம். 'ஹென்டாக்' என்பது 'நாக்' ஆகிறது. 'சூடாஹ்' என்பது 'டாஹ்' ஆகிறது. அலோர் காஜா சந்தையிலும் மெர்லிமாவ் பேருந்து நிற்குமிடத்திலும் நம் பிள்ளைகள் இவற்றைச் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் தேர்வில் கட்டுரை எழுதும்போது 'தீடாக்' என்றே முழுதாக எழுதுகிறார்கள். எங்கே சுருக்குவது, எங்கே விரிப்பது என்ற தெளிவு அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு மொழிகளில் இந்த வித்தையைக் கற்றவர்களுக்கு மூன்றாவது மொழியில் மட்டும் அது வராமல் போய்விடுமா?

அப்படியானால் ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இடறுகிறோம்? தமிழையும் மலாயையும் நாம் முதலில் காதால் பெற்றோம். ஆங்கிலத்தைக் கண்ணால் பெற்றோம். இதுதான் காரணம். மலாக்கா பட்டணத்தில் 1826-ஆம் ஆண்டிலேயே, இன்று மலாக்கா உயர்நிலைப்பள்ளி என்று பெயர் பெற்றிருக்கிற பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. 1880-இல் செயின்ட் பிரான்சிஸ் பள்ளி வந்தது. அங்கே படித்த பட்டணத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தை நாள் முழுதும் கேட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கோ ஆங்கிலம் என்பது புத்தகத்தில் இருக்கும் ஒரு பாடம். துரை பேசுவதைக் கிராணி கேட்டார். கிராணி சொன்னதைத் தண்டல் கேட்டார். பால்மரம் வெட்டியவர்கள் காதுக்கு வந்து சேர்ந்தபோது அது தமிழாகிவிட்டிருந்தது. 1970-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறிய பிறகு, பட்டணத்திலும் ஆங்கிலம் காதில் விழும் நேரம் குறைந்தது. எழுத்து வழியாக மட்டும் வந்த மொழியில், எழுத்தில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறோம். அப்படி ஒலிக்காதபோது திகைத்து நிற்கிறோம்.

ஆங்கிலேயர்களிலும் இந்தச் சுருக்கங்களைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், ஆங்கிலத்தைத் திருத்த வேண்டும் என்று 1712-இல் வெளியிட்ட முன்மொழிவில், சொற்களை வெட்டிக் குறைக்கும் வழக்கத்தைக் கண்டித்தார். மொழி அவர் பேச்சைக் கேட்கவில்லை. நாம் மணி சொல்லும்போது 'ஓ கிளாக்' என்கிறோமே, அது 'ஆஃப் த கிளாக்' என்பதன் தேய்வு. 'குட்பை' என்பதோ, 'கடவுள் உம்மோடு இருப்பாராக' என்று பொருள்படும் ஒரு முழு வாக்கியம் தேய்ந்து தேய்ந்து வந்த சொல். சுருக்கச் சொல்லே தெரியாது என்று நினைப்பவரும் இந்த இரண்டையும் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி, எவை சுருங்கும் என்று பார்ப்போம். பெயரும் செயலும் சுருங்குவதில்லை. வீடு, மரம், வேலை, நட, எழுது போன்ற பொருள் நிறைந்த சொற்கள் முழுதாகவே நிற்கும். துணைக்கு வருகிற சின்னச் சொற்களே சுருங்கும். 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்', 'வில்', 'வுட்' ஆகியவை முன்னால் நிற்கும் சொல்லோடு ஒட்டும். 'நாட்' என்னும் எதிர்மறைச் சொல், தனக்கு முன்னால் வரும் துணைவினையோடு ஒட்டும்.

'இட் இஸ்' என்பது 'இட்ஸ்' ஆகும். 'ஐ வில்' என்பது 'ஐல்' ஆகும். 'ஐ ஹேவ்' என்பது 'ஐவ்' ஆகும். 'வாட் இஸ்' என்பது 'வாட்ஸ்' ஆகும். 'லெட் அஸ்' என்பது 'லெட்ஸ்' ஆகும். எதிர்மறையில், 'இஸ் நாட்' என்பது 'இஸன்ட்' ஆகும். 'டஸ் நாட்' என்பது 'டஸன்ட்' ஆகும். 'வில் நாட்' மட்டும் 'வில்லன்ட்' ஆகாமல் 'வோன்ட்' ஆகிறது. பழைய ஆங்கிலத்தில் 'வில்' என்பதற்கு 'வோல்' என்றும் ஒரு வடிவம் வழங்கியது. அது மறைந்துவிட்டது, அதன் எதிர்மறை மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

அடுத்து, சுருக்கச் சொல் எங்கே நிற்கக் கூடாது என்பதைப் பார்ப்போம். "ஆர் யூ ரெடி?" என்று கேட்டால், "யெஸ், ஐ ஆம்" என்று முழுதாகத்தான் சொல்ல வேண்டும். "யெஸ், ஐம்" என்று நிறுத்தக் கூடாது. "இஸ் ஹீ அட் ஹோம்?" என்றால், "யெஸ், ஹீ இஸ்." 'ஹீஸ்' என்று முடிக்கலாகாது. ஏன்?

நம் தமிழையே கேட்டுப் பாருங்கள். 'போக வேண்டும்' என்பது 'போகணும்' ஆகிறது. ஆனால், "உனக்குச் சோறு வேணுமா?" என்று தாய் கேட்டால், பிள்ளை "ணும்" என்றா சொல்லும்? "வேணும்" என்று தலையோடுதான் சொல்லும். 'வரவில்லை' என்பது 'வரல' ஆகிறது. ஆனால் "நேற்று வந்தாயா?" என்பதற்கு வெறும் "ல" என்று யாரும் பதில் சொல்வதில்லை, "இல்ல" என்கிறோம். சுருங்கிய சொல்லுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டும். அது தனியே நின்று அழுத்தத்தைத் தாங்காது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். பதிலின் கடைசியில் குரல் அழுத்தி நிற்கிற இடத்தில் முழுச் சொல்தான் நிற்கும்.

எதிர்மறை மட்டும் கடைசியில் நிற்கலாம். "நோ, ஐ கான்ட்", "நோ, ஹீ இஸன்ட்" என்று தாராளமாகச் சொல்லலாம். 'முடியல' என்று நாம் தனியே சொல்வதில்லையா? அதில் 'முடி' என்ற தலை இருக்கிறது. அதுபோல 'கான்ட்' என்பதிலும் 'கேன்' இருக்கிறது. ஆகவே அது தன் காலில் நிற்கும்.

மாணவச் செல்வங்களே, இப்போது நீங்கள் செய்கிற இரண்டு தவறுகளைப் பற்றிச் சொல்கிறோம்.

முதலாவது, சின்ன ஒலியை விழுங்கிவிடுவது. 'அவர் ஓட்டுநர்' என்று தமிழில் சொல்கிறோம். இடையில் வேறு சொல் தேவையில்லை. மலாயிலும் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. வெள்ளைக்காரர் 'ஹீஸ் அ டிரைவர்' என்று சொல்லும்போது, 'இஸ்' என்பது ஒரு மெல்லிய 'ஸ்' ஒலியாக ஓடிவிடுகிறது. நம் காது அந்த ஒலியை எதிர்பார்ப்பதில்லை, ஆகவே கேட்பதுமில்லை. 'ஹீ டிரைவர்', 'ஐ கோயிங்' என்று நாமும் பேசத் தொடங்குகிறோம். அது சுருக்கம் அன்று, விடுபாடு. சுருக்கத்தில் ஒலி தேயும். ஆனால் தேய்ந்ததன் அடையாளம் வாயில் மிஞ்ச வேண்டும். 'ஐம் கோயிங்' என்பதில் அந்த 'ம்' இருந்தே தீர வேண்டும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. 'ஐம்' என்பது 'நான்' என்பதற்கு இன்னொரு பெயர் என்று எண்ணி, 'ஐம் கோ', 'ஐம் வான்ட்', 'ஐம் லைக்' என்று எல்லாவற்றிலும் ஒட்டிவிடுவது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தமிழில் தொகையை விரித்துப் பொருள் காண்கிறோம் அல்லவா? அதுபோலச் சுருக்கத்தை விரித்துப் பாருங்கள். 'ஐம் கோ' என்பதை விரித்தால் 'ஐ ஆம் கோ' என்று வரும். அது தவறு என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். விரித்தால் சரியாக வருவது, சுருக்கினாலும் சரியாக வரும். விரித்தால் தவறாக வருவதைச் சுருக்கி மறைக்க முடியாது.

இந்தச் சோதனை இன்னொன்றுக்கும் உதவும். 'ஹீஸ்' என்பதற்குள் 'இஸ்' இருக்கலாம். 'ஹேஸ்' என்பதும் இருக்கலாம். 'ஹீஸ் டயர்ட்' என்றால் 'ஹீ இஸ் டயர்ட்', அவர் களைத்திருக்கிறார். 'ஹீஸ் ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க்' என்றால் 'ஹீ ஹேஸ்', தம் வேலையை முடித்துவிட்டார். எழுத்தில் 'இட்ஸ்' என்பதற்கும் இதுவே வழி. 'இட் இஸ்' என்றோ 'இட் ஹேஸ்' என்றோ விரிக்க முடிந்தால் மேற்குறி போடுங்கள். 'அதனுடைய' என்பது பொருளானால் குறி வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது உயிருக்கும் உடம்புக்கும் வேண்டிய செய்தி. 'கேன்' என்றால் முடியும், செய்யலாம். 'கான்ட்' என்றால் முடியாது, செய்யக் கூடாது. மருத்துவமனையில் மருந்து கொடுப்பவரோ, தொழிற்சாலையில் இயந்திரத்தைக் காட்டுபவரோ இவற்றில் ஒன்றைச் சொல்ல, நாம் மற்றொன்றாகக் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? இங்கே கடைசி 'ட்' ஒலியை நம்பிக் காத்திராதீர்கள். அது பெரும்பாலும் அடுத்த சொல்லில் மறைந்துவிடும். உயிரொலியைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் முறைப்படி பேசுகிறவர் வாயில் 'கான்ட்' நெடிலாக, அழுத்தமாக வரும்; 'கேன்' என்பதோ வாக்கியத்தின் நடுவே 'கன்' என்று குறுகி ஓடிவிடும். அமெரிக்கப் படங்களில் இரண்டுக்கும் ஒரே உயிரொலிதான். அங்கேயும் எதிர்மறைதான் அழுத்தமாக ஒலிக்கும். ஐயம் வந்தால் திருப்பிக் கேளுங்கள். நீங்களே சொல்லும் முறை வந்தால், நம் நாட்டு வழக்கப்படி 'கேனாட்' என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். அது தவறன்று, தெளிவு.

இதிலிருந்து ஒரு கருத்துப் பெறப்படுகிறது. சுருக்கிப் பேசினால்தான் ஆங்கிலம் வரும் என்று எண்ணி, வேகமாக ஓட்ட வேண்டியதில்லை. வேகம் வேறு, சரளம் வேறு. முழுச் சொற்களை நிதானமாகச் சொல்பவரை யாரும் குறை கூற முடியாது. ஆனால் பிறர் சுருக்கிப் பேசுவதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆகவே, வாய்க்கு இது வசதி. காதுக்கு இது கட்டாயம். முதலில் கேட்கப் பழகுங்கள். பேச்சு பின்னால் தானே வரும். வள்ளுவரும் 'கல்வி' என்று ஓர் அதிகாரம் வைத்ததோடு நின்றுவிடாமல், 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார்.

எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். வேலைக்கு விண்ணப்பம், தலைமையாசிரியருக்குக் கடிதம், அலுவலகத்துக்கு முறையீடு ஆகியவற்றில் 'ஐ ஆம்', 'டூ நாட்' என்று விரித்தே எழுதுங்கள். தோழனுக்கு எழுதும் கடிதத்திலும், கதையில் வரும் உரையாடலிலும் சுருக்கலாம். அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் பேச்சிலும் விரியுங்கள். "ஐ டிட் நாட் டேக் இட்" என்று ஒருவன் நிறுத்திச் சொன்னால், "நான் எடுக்கவே இல்லை" என்னும் உறுதி அதில் ஒலிக்கிறது.

எஸ்.பி.எம். தேர்விலும் காதுக்கு மதிப்பு வந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து ஆங்கிலத்தில் படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என்று நான்கு தாள்கள் வந்தன. 2008-இல் மலாக்கா பட்டணம் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது முதல், தங்கும் விடுதியிலோ கடையிலோ வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பல நாட்டார் வாயிலிருந்தும் ஆங்கிலம் கேட்கிறார்கள். அவர்களில் எவரும் பாடப் புத்தகத்தைப் போலப் பேசுவதில்லை.

பெற்றோர்களே, "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்று கேட்காதீர்கள். உங்களால் முடியும். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் நடுவே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் விரிந்த சொல், வலப்பக்கம் சுருங்கிய சொல். நாளைக்கு இரண்டே இரண்டு போதும். மாலையில் வேலை முடிந்து வந்ததும், "இன்றைக்கு எது சுருங்கியது? அதை விரித்துச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். பதில் சரியா தவறா என்று உங்களுக்குத் தெரியாமல் போகலாம், பரவாயில்லை. உங்களுக்குச் சொல்லிக் காட்டும்போது பிள்ளை தனக்கும் சொல்லிக்கொள்கிறது. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஆங்கிலச் செய்தியோ படமோ வரும்போது, ஐந்து நிமிடத்தில் எத்தனை 'டோன்ட்', எத்தனை 'இட்ஸ்' காதில் விழுந்தன என்று அண்ணனும் தங்கையும் விரல் மடக்கி எண்ணட்டும். பொருள் முழுவதும் புரிய வேண்டியதில்லை. ஒலியைப் பிடித்தால் போதும்.

கடைசியாக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?" தயவுசெய்து அதை மறுபடி சொல்கிறீர்களா என்பது பொருள். புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. தலையைக் குனிந்தால் எதிரில் இருப்பவர் நமக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துவிடுவார். நிமிர்ந்து கேட்டால் நிதானமாகச் சொல்வார்; 'வேர்ஸ்' என்பதை 'வேர் இஸ்' என்று விரித்தும் சொல்லக் கூடும்.

முதலில் சொன்னோமே, அந்த மாணவிக்கும் இந்த வாக்கியத்தைத்தான் எழுதிக் கொடுத்தோம். அடுத்த முறை வேறோர் இடத்துக்குப் போனபோது இரண்டு முறை அதைச் சொன்னதாகவும், இரண்டு முறையும் அவர்கள் சிரிக்கவில்லை என்றும் வந்து சொன்னாள். இப்போது அவளுக்கு வேலை இருக்கிறது. கையிலிருக்கும் சான்றிதழைக் காட்ட, காதுக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை இன்று மாலையே தொடங்குங்கள்.